சன்போர்டில் ஒரு போர்க்களம்: ஃப்ரிகிடஸ், கி.பி. 394

கிழக்கு ரோமப் பேரரசர் முதலாம் தியோடோசியஸும் மேற்கில் பேரரசராக உயர்த்தப்பட்டிருந்த யூஜீனியஸும் கி.பி. 394 செப்டம்பர் 5, 6 ஆகிய நாள்களில் மோதிய ஃப்ரிகிடஸ் ஆற்றுப் போரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் காற்றைப் பற்றியே எழுதுகிறார்கள். இரண்டாம் நாள் மலையிலிருந்து இறங்கிய பெருங்காற்று யூஜீனியஸின் வீரர்களுடைய முகத்தில் அறைந்தது, அவர்கள் எறிந்த ஈட்டிகளை அவர்கள் மீதே திருப்பியது, தியோடோசியஸ் வென்றார் என்பதுதான் வழக்கமான கதைச்சுருக்கம். முதல் நாள் தியோடோசியஸ் ஏன் அவ்வளவு மோசமாக அடிபட்டார் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. இன்றைய மேற்கு ஸ்லோவேனியாவில் உள்ள விபாவா பள்ளத்தாக்கையும் அதற்குக் கிழக்கே எழும் மலைமேட்டையும் அளவு மாறாமல் செய்து மேசைமேல் வைத்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கலாம் என்று கருதி இந்த மாதிரியைத் தொடங்கினேன். செய்த முறையையும், செய்யும்போது புலப்பட்டவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அளவுகோலைத் தீர்மானித்தது வரலாறு அல்ல, கடையில் கிடைக்கும் பலகையின் தடிமன்தான். விளம்பரப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் 5 மி.மீ. சன்போர்டு எங்கும் கிடைக்கிறது. 1:20,000 என்ற அளவில் 5 மி.மீ. என்பது சரியாக 100 மீட்டர் உயரம். ஆகவே 100 மீட்டர் இடைவெளியில் சம உயரக்கோடுகளை வரைந்து, ஒவ்வொரு கோட்டையும் ஓர் அடுக்காக வெட்டி ஒட்டினால், உயரத்தை மிகைப்படுத்தாமலேயே நிலம் எழுந்துவிடும். நிலமாதிரி செய்பவர்கள் மலை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று உயரத்தை இரண்டு மடங்காக்குவது வழக்கம். இங்கே அதைச் செய்யக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன். சரிவின் உண்மையான கோணம்தான் இந்தப் போரின் மையம். 1,300 மீட்டரைத் தாண்டும் நானோஸ் மேட்டின் உச்சியும் இந்த அளவில் ஆறரை சென்டிமீட்டர்தான் வருகிறது என்பது ஏமாற்றமாகத் தோன்றலாம். கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டு வந்து பள்ளத்தாக்கின் தரையிலிருந்து பார்த்தால் அந்த ஆறரை சென்டிமீட்டர் போதுமானது.

2000ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடார் மூலம் அளந்த நில உயரத் தரவு, ஏறத்தாழ 30 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, மேற்கே அய்டோவ்ஷ்சினா நகரமும் கிழக்கே ஹ்ருஷிட்சா கணவாயும் உள்ளடங்கும்படி 23.6 கி.மீ. நீளமும் 16 கி.மீ. அகலமும் கொண்ட செவ்வகத்தை வெட்டி எடுத்தேன். மாதிரியின் அளவு 118 செ.மீ.க்கு 80 செ.மீ.; கட்டட வரைபடம் அச்சிடும் கடையில் ஒரே ஏ0 தாளில் அடங்கிவிடும் என்பதே இந்த எண்ணுக்குக் காரணம். அச்சிட்ட தாளில் பலகையின் நீளத்தை அளவுகோல் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம். அச்சு இயந்திரத்தில் "தாளுக்கு ஏற்பப் பொருத்து" என்ற தேர்வு இருந்தால் ஒன்றிரண்டு விழுக்காடு சுருங்கி, அடுக்கின் தடிமனோடு கணக்கு ஒட்டாமல் போய்விடும்.

கார்பன் தாள் வைத்துக் கோடுகளைப் பலகையில் நகலெடுத்து, கட்டர் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே இழுப்பில் வெட்டாமல் இரண்டு மூன்று மெல்லிய இழுப்புகளில் வெட்ட வேண்டும். இந்த மேட்டுப்பகுதி பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் நிலம் என்பதால் சம உயரக்கோடுகள் சீராக ஓடுவதில்லை. மேட்டின்மேல் மூடிய சிறு வட்டங்களாக, தண்ணீர் கரைத்து உண்டாக்கிய குழிகள் ஏராளமாக வருகின்றன. 100 மீட்டர் இடைவெளியில் அவற்றில் மிகப் பெரியவை மட்டுமே தங்கும், எஞ்சியவற்றைப் பின்னர் பட்டி பூசும்போது விரல் நுனியால் அழுத்திக் காட்டலாம். பள்ளத்தாக்கின் தரைக்கு மட்டும் 100 மீட்டர் இடைவெளி மிகவும் முரடானது. அங்கே 20 மீட்டர் இடைவெளியில் கோடு எடுத்து 1 மி.மீ. சாம்பல் அட்டையில் வெட்டினேன். இந்த அளவில் 1 மி.மீ. என்பது 20 மீட்டர் என்பதால் அட்டையும் பலகையும் ஒரே கணக்கில் இணைந்துகொண்டன.

ஒட்டும் பசையைப் பற்றி ஒரு சொல். மரத்துக்கு ஒட்டும் ஃபெவிகால் காகிதத்துக்கும் மரத்துக்கும் சிறந்தது. சன்போர்டு ஈரத்தை உறிஞ்சாத பொருள், எனவே இரண்டு பெரிய பலகைகளுக்கு நடுவே அகப்பட்ட பசை நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். இரு பரப்புகளையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் வகை ரப்பர் பசையை இரண்டிலும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத நிலைக்கு உலர்ந்த பிறகு சேர்த்து அழுத்துவதே சரியான வழி. அந்தப் பசை பிடித்தால் நகர்த்த முடியாது. ஆகையால் ஒவ்வொரு அடுக்கின் இரண்டு மூலைகளிலும் ஒரே இடத்தில் துளையிட்டு, அடிப்பலகையில் நட்ட இரண்டு கம்பிகளில் கோத்து இறக்கினேன். அடுக்குகள் உலர்ந்தபின் படிகளை நிரப்பச் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டி போதும். மென்சரிவுகளில் ஈரப் பஞ்சால் வழித்துவிட்டு, நானோஸின் பாறை முகப்பிலும் அய்டோவ்ஷ்சினாவுக்கு வடக்கே உள்ள மேட்டின் விளிம்பிலும் மட்டும் வழிக்காமல், பாதி உலர்ந்த நிலையில் கத்தி முனையால் கீறி விட்டேன். அந்த விளிம்பு உண்மையிலேயே அப்படித்தான் சடாரென்று விழுகிறது.

வண்ணம் தீட்டும்போதுதான் முதல் தெளிவு கிடைத்தது. விபாவா ஆறு நானோஸின் அடிவாரத்தில் பாறை இடுக்குகளிலிருந்து ஊற்றாகப் புறப்படுகிறது. ஹூபெல் ஆறு அய்டோவ்ஷ்சினாவுக்கு மேலே அதேபோல் மேட்டின் அடியிலிருந்து வருகிறது. நீலத் தூரிகையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குச் சென்றால் அங்கே தீட்ட ஒன்றும் இல்லை. பெய்கிற மழை முழுவதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி அடிவாரத்தில்தான் வெளிவருகிறது. பல்லாயிரம் வீரர்களையும் குதிரைகளையும் வண்டி மாடுகளையும் வைத்துக்கொண்டு, கோடை முடியும் செப்டம்பர் தொடக்கத்தில், ஓடை இல்லாத அந்த மேட்டில் தியோடோசியஸ் நாள்கணக்கில் காத்திருக்க முடியாது. எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரிந்தும் அவர் கீழே இறங்கியாக வேண்டியிருந்தது. ஆர்போகாஸ்ட் இதை நன்றாகக் கணக்கிட்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பெயரை இங்கே விளக்க வேண்டும். பிராங்கு இனத்தவரான ஆர்போகாஸ்ட் மேற்குப் படைகளின் தலைமைத் தளபதி. இளம் பேரரசர் இரண்டாம் வாலன்டினியன் 392 மே 15 அன்று இன்றைய பிரான்ஸிலுள்ள வியன் நகரில் இறந்து கிடந்தார். கொலையா தற்கொலையா என்ற சர்ச்சை அன்றே எழுந்தது. ரோமரல்லாத தான் அரியணை ஏற முடியாது என்பதால், இலக்கணமும் சொற்கலையும் கற்பித்துப் பின்னர் அரசு அலுவலரான யூஜீனியஸை அவ்வாண்டு ஆகஸ்ட் 22 அன்று ஆர்போகாஸ்ட் பேரரசராக்கினார். தியோடோசியஸ் அதை ஏற்காமல் 393 ஜனவரியில் தன் மகன் ஹொனோரியஸுக்குப் பேரரசர் பட்டம் சூட்டியதும் போர் உறுதியாயிற்று. முன்னர் 388இல் தியோடோசியஸ், மேற்கில் அரியணையைக் கைப்பற்றியிருந்த மாக்சிமஸை வீழ்த்த இதே ஆல்ப்ஸ் வழியாக இத்தாலிக்குள் நுழைந்தபோது அவர் பக்கம் நின்று போரிட்டவர் ஆர்போகாஸ்ட் என்பதால், தன் பழைய தலைவர் எந்த வழியில் வருவார் என்பது அவருக்கு மனப்பாடம்.

ஹ்ருஷிட்சாவில் ரோமர்கள் 'அட் பிரும்' என்று அழைத்த கோட்டை, ஏறத்தாழ 860 மீட்டர் உயரத்தில், மலைவழிகளை அடைக்கும் மதில் வரிசையின் நடுவே நின்றது. அதன் நீளம் சுமார் 250 மீட்டர், அதாவது மாதிரியில் பன்னிரண்டரை மில்லிமீட்டர். தீக்குச்சியைப் பாதியாகப் பிளந்து அதற்கு மதில் செய்தேன். அய்டோவ்ஷ்சினாவில் இருந்த 'காஸ்ட்ரா' கோட்டைக்கு 14 கோபுரங்கள் உண்டு. அதன் மதிலின் சில பகுதிகள் இன்றும் நகரத்துக்குள் நிற்கின்றன. இந்த அளவில் கோபுரங்களைக் காட்ட முயல்வது வீண் வேலை, வளைத்த செப்புக் கம்பி வளையம் ஒன்றே போதும். இரண்டு கோட்டைகளுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 16 கி.மீ.; சாலை மேட்டின் வழியே மேற்கு நோக்கி வந்து, சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோல் என்ற ஊரைத் தாண்டியதும் 100 மீட்டர் மட்டத்திலுள்ள பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. சாலையைக் காட்ட மெல்லிய சணல் நூலை ஒட்டினேன்.

படைகளுக்குக் கடுகைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அளவில் பொம்மை வீரர்களுக்கு வாய்ப்பில்லை. 100 வீரருக்கு ஒரு கடுகு என்று வைத்துக்கொண்டு, தியோடோசியஸின் படைக்குச் சிவப்பும் யூஜீனியஸின் படைக்கு நீலமும் பூசி, மெல்லிய அட்டைக் கீற்றுகளில் ஒட்டி, குண்டூசியால் குத்தி நகர்த்தும்படி செய்தேன். போர் நடந்த துல்லியமான இடம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லாத நிலையில், படைகளை நிலையாக ஒட்டிவிடுவது பொருத்தமற்றது. முதல் நாள் தியோடோசியஸ் தன் கோத்திய (ஜெர்மானிய இனத்தவர்) துணைப்படையைத் தளபதி கைனாஸின் தலைமையில் முன்னால் அனுப்பினார். காக்கேசிய ஐபீரியாவின் (இன்றைய ஜார்ஜியா) அரசகுலத்தவரான தளபதி பகுரியஸ் அன்று வீழ்ந்தார். இறந்த கோத்தியர் 10,000 பேர் என்று கிறித்தவ வரலாற்றாசிரியர் ஒரோசியஸ் எழுதுகிறார். எண்ணைச் சற்றுக் கூட்டியிருந்தாலும் பரவாயில்லை, கணக்குக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

பத்து வரிசை ஆழத்தில் அணிவகுத்து நின்றால் 10,000 பேர் ஏறத்தாழ 900 மீட்டர் அகலத்தை அடைப்பார்கள்; மாதிரியில் நாலரை சென்டிமீட்டர். பள்ளத்தாக்கின் தரையில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. அதே 10,000 பேரை நால்வர் நால்வராக மலைச்சாலையில் நடத்தினால், வரிசைக்கு இரண்டு மீட்டர் என்று கொண்டாலும், ஐந்து கி.மீ. நீளம் வரும், சணல் நூலின்மேல் 25 சென்டிமீட்டர். இதில் குதிரைகளுக்கும் வண்டிகளுக்கும் கணக்கு இல்லை. மேலும் 20,000 பேருக்கான கீற்றுகளை அதன் பின்னால் வரிசையாக அடுக்கியபோது, முன்வரிசை பள்ளத்தாக்கில் கால் வைக்கும் நேரத்தில் கடைசிக் கடுகு இன்னும் ஹ்ருஷிட்சாவுக்கு அருகிலேயே இருந்தது. ஆர்போகாஸ்ட் கணவாயைத் தடுத்து நிறுத்தாமல் விட்டதைச் சிலர் அலட்சியம் என்று எழுதுகிறார்கள். மேசையைப் பார்த்தபின் அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. கணவாயில் தடுத்தால் எதிரி வேறு வழி தேடுவான். திறந்து விட்டால், படை முழுவதும் ஒரு நூலைப் போல இறங்கும்போது, நூலின் நுனியை மட்டும் தன் முழு அணிவகுப்பால் அவர் சந்திக்கலாம். முதல் நாள் நடந்ததும் அதுதான். கோத்தியர்கள் பலியிடப்பட்டார்கள், அவர்களை அழித்ததே தியோடோசியஸுக்கு இலாபம் என்ற ஒரோசியஸின் கொடூரமான கணிப்பைவிட, வேறு யாரையும் முன்னால் அனுப்ப அந்தச் சாலையில் இடமில்லை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அன்று இரவு ஆர்போகாஸ்ட் வலையின் வாயை மூடவும் ஏற்பாடு செய்தார். அர்பிட்டியோ என்பவரின் கீழ் ஒரு படைப்பிரிவு தியோடோசியஸுக்குப் பின்னால் உள்ள உயரங்களைப் பிடித்தது. நீலக் கீற்று ஒன்றைக் கோலுக்குக் கிழக்கே, சாலையை நோக்கும் சரிவில் குத்திப் பார்த்தால், கீழே உள்ள சிவப்புக்குத் திரும்பும் வழியே இல்லை. ஆனால் அந்தப் பிரிவின் தலைவர்கள் கட்சி மாறினார்கள். பதவி உறுதி கேட்டு அவர்கள் ஆள் அனுப்பியதாகவும், கையில் தாளும் மையும் இல்லாததால் அருகில் நின்றவரிடம் இருந்த எழுதுபலகையை வாங்கித் தியோடோசியஸ் அதில் பதவிகளை எழுதிக் கொடுத்ததாகவும் திருச்சபை வரலாற்றாசிரியர் சோசொமென் சொல்கிறார். போரின் முடிவு அந்தப் பலகையில் எழுதப்பட்டது என்பது என் முடிவு. அந்த ஒரு குண்டூசியின் நிறத்தை மாற்றியதும் மேசைமீதிருந்த நிலைமை முழுவதும் புரண்டுவிட்டது, அதுவும் காற்று வீசத் தொடங்கும் முன்பே.

காற்றைச் சோதிக்காமல் விட்டால் மாதிரி முழுமை பெறாது. விபாவா பள்ளத்தாக்கில் வடகிழக்கிலிருந்து இறங்கும் அந்தக் காற்றுக்கு உள்ளூரில் 'புர்யா' என்று பெயர். மேட்டின் பின்னால் தேங்கும் குளிர்ந்த, கனமான காற்று விளிம்பைத் தாண்டி, சரிவில் வேகமெடுத்து விழுகிறது. இன்றும் மணிக்கு 100 கி.மீ.க்கு மேற்பட்ட வீச்சுகள் அங்கே சாதாரணம், சரக்கு வண்டிகளைச் சாலையில் நிறுத்திவைக்கிறார்கள். ஊதுபத்திப் புகை இதைக் காட்ட உதவாது. சூடான புகை மேலேதான் எழும். கனமாக வழியும் ஒன்று வேண்டும் என்பதால் உலர் பனிக்கட்டி வாங்கினேன். அதன் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி, வெறும் கையால் தொடக்கூடாது. வெளிப்படும் கரியமில வாயு தரையில் தேங்கும் என்பதால் சன்னல்களைத் திறந்து வைத்தே செய்ய வேண்டும். தட்டையான கிண்ணம் ஒன்றில் வெந்நீர் ஊற்றி, மாதிரியின் வடகிழக்கு ஓரத்தில் மேட்டுக்குச் சமமான உயரத்தில் வைத்து, இரண்டு சிறு துண்டுகளைப் போட்டேன்.

வெண்புகை மேட்டின்மேல் மெல்லப் பரவி, குழிகளை நிரப்பி, விளிம்புக்கு வந்ததும் ஒரே சீராக விழவில்லை. விளிம்பில் தாழ்வாக உள்ள இடங்களைத் தேடி, கோலுக்கு அருகிலுள்ள இறக்கத்தில் அடர்ந்த நாவாக நீண்டு, சாலைக்காக ஒட்டியிருந்த சணல் நூலை மறைத்துக்கொண்டு அடிவாரத்தில் இறங்கியது. பின்னால் சிறிய மேசை விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்ததும் புகை விளிம்பைத் தாண்டிக் கவிழ்ந்து, சரிவின் அடியிலேயே மிக விரைவாக ஓடி, பள்ளத்தாக்கின் நடுவே சென்றபோது தளர்ந்து சிதறியது. மேசைமீதான புகை உண்மையான காற்றின் இயற்பியலை முழுமையாகப் பின்பற்றாது என்பதை அறிவேன். ஆயினும் புர்யா அடிவாரத்தில்தான் கடுமையாக வீசும் என்ற நேரடி அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது. இறங்கும் சாலையின் வாயை அடைக்க யூஜீனியஸின் படை எந்த இடத்தில் நிற்க வேண்டியிருந்ததோ, அந்த இடத்தில்தான் காற்றும் மிக வலுவாக விழுகிறது. சிவப்புக் கடுகுகளுக்கு அது முதுகுப்பக்கம்.

மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு 28 மீட்டர். ஒரு படைவீரன் கையால் எறியும் ஈட்டி நொடிக்கு 20 மீட்டர் அளவில் புறப்படும் என்றால், எதிர்க்காற்று ஈட்டியைவிட வேகமாக வருகிறது. பிற்கால ரோம வீரனின் நீள்வட்டக் கேடயத்தின் பரப்பு ஏறத்தாழ முக்கால் சதுர மீட்டர். அதன்மேல் அந்தக் காற்று சுமார் 35 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். தாங்கள் எறிந்தவை கையிலிருந்தே பிடுங்கப்பட்டதாக அங்கிருந்த வீரர்கள் சொன்னார்கள் என்று கிறித்தவ ஆயர் அகஸ்டின் எழுதுவதை, இந்தக் கணக்கைப் போட்டபின் மிகை என்று ஒதுக்க முடியவில்லை. போர் முடிந்த பதினாறே மாதங்களில், 396 ஜனவரியில், கவிஞர் கிளாடியன் பேரரசர் ஹொனோரியஸின் அவையிலேயே இந்தக் காற்றைப் பாடினார். அவர் காற்றை அனுப்பியவராக ஏயோலஸ் என்ற பழைய தெய்வத்தைக் குறிப்பிட்ட பகுதியை மட்டும் அகஸ்டின் தன் மேற்கோளில் விட்டுவிட்டார். பிற்கால வரலாற்றாசிரியரான சோசிமஸோ காற்றைப் பற்றிப் பேசவே இல்லை. முதல் நாள் வெற்றியைக் கொண்டாடி உறங்கிய யூஜீனியஸின் பாளையத்தை விடியுமுன் தாக்கினார்கள் என்கிறார். போரின்போது சூரிய கிரகணம் ஏற்பட்டதாகவும் அவர் சொல்வது வானியல் கணக்குக்கு ஒத்துவரவில்லை. விளக்கை மாதிரியின் கிழக்கே தாழ்வாக வைத்துப் பார்த்தபோது, சூரியன் எழுந்த பின்னும் சிறிது நேரம் மலையின் நிழல் பாளையத்தின் மீதே கிடந்தது. உறங்கும் பாளையமும் இறங்கும் காற்றும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை என்பதால் இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

கொடிகள் செய்வதைத் தவிர்த்தேன். தியோடோசியஸுக்குச் சிலுவையும் எதிரிக்கு ஹெர்குலிஸ் உருவமும் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் தியோடொரெட் எழுதுகிறார். ஆனால் யூஜீனியஸும் கிறித்தவர்தான், பழைய சமயத்தவரான நிக்கோமாக்கஸ் ஃபிளேவியானஸ் போன்ற செனட்டர்கள் அவரோடு சேர்ந்தது வேறு கதை. கடுகு அளவுக் கொடியில் அந்தச் சிக்கல் ஏறாது. ஆயினும் ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை. எதிர்த்தரப்பினர் மலையில் பழைய ரோமக் கடவுளான ஜூபிடரின் சிலைகளை நிறுவி, கைகளில் பொன் இடிகளை வைத்திருந்தார்கள். வெற்றிக்குப் பின், இப்படிப்பட்ட இடி எங்கள்மேல் விழட்டும் என்று வேடிக்கை பேசிய தூதர்களுக்கே தியோடோசியஸ் அவற்றைக் கொடுத்துவிட்டார் என்பது அகஸ்டின் தரும் செய்தி. மேட்டின் விளிம்பில் பித்தளைக் குண்டூசிகள் சிலவற்றைத் தலைகீழாக நட்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள் மாலை நிலையில் கீற்றுகளை வைத்தபோது யூஜீனியஸுக்குத் தனி ஊசி தேவைப்படவில்லை. பிடிபட்டு, தலை வெட்டப்பட்டார். மலைக்குள் தப்பிய ஆர்போகாஸ்ட் இரண்டு நாள் கழித்துத் தன் வாளால் உயிரை மாய்த்துக்கொண்டார். வென்ற தியோடோசியஸும் 395 ஜனவரி 17 அன்று மிலான் நகரில் இறந்தார். பிழைத்த கோத்தியத் தலைவர்களில் ஒருவரான அலாரிக்கின் ஊசியை மட்டும் வேறு நிறத்தில் வைத்திருக்கிறேன், அவர் 410இல் ரோம் நகரைச் சூறையாடியவர் என்பதால்.

உலர் பனிக்கட்டிச் சோதனைக்குப் பின் பட்டியில் ஈரம் இறங்கி, கோலுக்குக் கீழே மயிரிழை விரிசல்கள் தோன்றின. சோதனை செய்ய நினைப்பவர்கள் அதற்கு முன்பே மங்கலான வார்னிஷை இரண்டு முறை பூசிவிடுவது நல்லது; பளபளப்பான வார்னிஷ் சுண்ணாம்புப் பாறையைப் பீங்கானாகக் காட்டிவிடும். மேற்கு ஓரத்தில் இன்னொரு பலகையை இணைக்கத் துளைகள் விட்டிருந்தேன், இத்தாலியிலுள்ள அக்குயிலேயா நகரம் வரை நீட்டும் எண்ணத்தில். ஆனால் அந்தப் பக்கம் நிலம் தட்டையாகிவிடுகிறது, போரும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. துளைகளைப் பட்டி வைத்து அடைத்துவிட்டேன்.